பெங்களூரு வொண்டர்லாவுக்குக் குடும்பத்தோடு போக எவ்வளவு பணம் வேண்டும்? முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு கணக்கு

ஒரு டிக்கெட் 1,500 ரூபாய், வீட்டில் ஐந்து பேர், ஆக 7,500. பெரும்பாலான வீடுகளில் தீம் பார்க் பயணத்துக்கான திட்டம் இந்த ஒரு பெருக்கலோடு முடிந்துவிடுகிறது. ஊர் திரும்பிய பிறகு வங்கிக் கணக்கைப் பார்த்தால் அதைப்போல் மூன்று மடங்கு போயிருக்கும். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் ஊதாரித்தனமாகவும் செலவழிக்கவில்லை. டிக்கெட்டை மட்டும் எண்ணிவிட்டு மற்றதை எண்ணாமல் விட்டதுதான் காரணம்.

டிக்கெட், மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கையும் கிளம்புவதற்கு முன்பே காகிதத்தில் எழுதி வைத்தவர்கள்தான் பூங்காவுக்குள் முகம் சுளிக்காமல் இருக்கிறார்கள். குழந்தை ஐஸ்கிரீம் கேட்கும்போது "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு நாளைக் கழிப்பதற்காக யாரும் நானூறு கிலோமீட்டர் போவதில்லை. அதற்காகவே இந்தக் கணக்கு.

எடுத்துக்காட்டாகப் பெங்களூரு வொண்டர்லாவை வைத்துக்கொள்கிறேன். 2005-ல் திறந்த பூங்கா அது. பெங்களூரிலிருந்து மைசூரு சாலையில் 28 கிலோமீட்டர் தொலைவில், பிடதிக்கு அருகே இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பாலான பகுதிகளிலிருந்து ஓர் இரவு ரயில் பயணத்தில் போய்விடலாம் என்பதால் முதல் குடும்பச் சுற்றுலாவுக்குப் பலரும் அதைத்தான் நினைக்கிறார்கள். இதே நிறுவனம் 2025 டிசம்பரில் சென்னைக்கு அருகே இள்ளலூரிலும் ஒரு பூங்காவைத் திறந்திருக்கிறது. நீங்கள் அங்கே போவதானாலும், கொச்சிக்குப் போவதானாலும் கணக்குப் போடும் முறை இதுவேதான்.

முதலில் அளவுநாடாவை எடுங்கள்

டிக்கெட் பக்கத்தைத் திறப்பதற்கு முன் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி, செருப்பில்லாமல் உயரத்தை அளந்து எழுதுங்கள். வொண்டர்லாவில் குழந்தை டிக்கெட்டை முடிவு செய்வது வயது அல்ல, உயரம். 85 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கட்டணம் இல்லை. 85 முதல் 140 வரை குழந்தைக் கட்டணம். 140-ஐத் தாண்டினால் பத்து வயதானாலும் பெரியவர் கட்டணம்தான். ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளைகளில் பலர் அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பார்கள். "குழந்தைதானே" என்று நினைத்துக் குழந்தை டிக்கெட் எடுத்துவிட்டால், நுழைவாயிலில் அளந்து பார்த்து வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். வரிசையில் பின்னால் ஐம்பது பேர் நிற்க, அங்கே வாக்குவாதம் செய்வது அந்த நாளின் நல்ல தொடக்கம் அல்ல.

உயரத்தை அளப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேகமான ரைடுகளின் வாசலில் உயரக்கோடு இருக்கும். அதை எட்டாத பிள்ளையை ஏற்ற மாட்டார்கள். எவ்வளவு அழுதாலும் ஏற்றக்கூடாது. உங்கள் பையன் எந்த ரைடுகளில் ஏற முடியும், எதில் முடியாது என்பதை வீட்டிலேயே அவனுக்குச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் இருவருமே 110 செ.மீ.க்குக் கீழே என்றால், பெரிய தீம் பார்க்கை இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போடுங்கள் என்பதே என் யோசனை. கொடுக்கிற காசில் பாதிக்கு அவர்களால் ஏறவே முடியாது.

அடுத்து பாட்டி, தாத்தா. மூத்த குடிமக்களுக்குச் சலுகை விலை உண்டு, அடையாள அட்டை அவசியம். ஆனால் உள்ளே போய் ஒரு நிழலில் உட்கார்ந்து எல்லோருடைய பைகளையும் காப்பதற்காக அவர்களை அழைத்துப் போகாதீர்கள். அவர்களிடமே கேளுங்கள். நடக்க முடியும், பேரப்பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க ஆசை என்றால் தாராளமாக வரட்டும், அந்தப் பணம் வீண் அல்ல. முட்டிவலி இருக்கிறது, வெயில் ஆகாது என்றால் அந்த நாளை ஊரிலேயே உறவினர் வீட்டில் கழிக்க விரும்பலாம். அதைக் கேட்காமலே முடிவு செய்வதுதான் தவறு. இதயநோய், முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பல ரைடுகளில் ஏறக்கூடாது என்பதையும் டிக்கெட் எடுக்கும் முன்பே நினைவில் வையுங்கள்.

எந்த நாளில் போவது

செலவைக் குறைக்கும் பெரிய வாய்ப்பு தேதியில்தான் இருக்கிறது. வார நாள், வார இறுதி, விடுமுறைக்காலம் என்று டிக்கெட் விலை மாறுகிறது. அதைவிட முக்கியம் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை ஒரு ரைடுக்கு ஒரு மணி நேரம் நின்றால், அதே டிக்கெட்டுக்குப் பாதி ரைடுகள்தான் கிடைக்கும். விலை ஒன்றாக இருந்தாலும் கிடைப்பது ஒன்றல்ல.

இங்கே தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பூங்கா இருப்பது கர்நாடகத்தில். அங்கே பள்ளி இயங்கி, இங்கே விடுமுறையாக இருக்கும் நாட்களைத் தேடிப் பிடியுங்கள்.

பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் சங்கராந்தி ஒரு நாள் விடுமுறையோடு முடிந்துவிடும். மாட்டுப் பொங்கலும் உழவர் திருநாளும் அங்கே வேலை நாட்கள். ரயிலிலும் இது உதவும். பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்கள் போகிக்கு முன் ஊருக்கு வருகிறார்கள், விடுமுறை முடியும் இரவில் பெங்களூருக்குத் திரும்புகிறார்கள். நீங்கள் பொங்கலை வீட்டில் கொண்டாடிவிட்டு அன்றிரவே கிளம்பி, அவர்கள் திரும்பும் நாளில் ஊர் வந்துவிட்டால் பெருங்கூட்டத்துக்கு எதிர்த்திசையில் பயணம் செய்வீர்கள்.

கோடை விடுமுறையின் கடைசி நாட்களும் அப்படித்தான். கர்நாடகப் பள்ளிகள் பெரும்பாலும் மே இறுதியிலேயே திறந்துவிடுகின்றன, நம் பள்ளிகள் ஜூனில். இடையில் சில வார நாட்கள் கிடைக்கும். இரு மாநிலங்களின் தேதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அறிவிப்பு வந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டியது காலாண்டு விடுமுறை. பல ஆண்டுகளில் அதே நேரத்திலோ அதை ஒட்டியோ கர்நாடகத்தில் தசரா விடுமுறை வரும். மைசூரு சாலை முழுக்க வண்டிகள் நிற்கும், தங்கும் அறைகளின் விலை ஏறும். பெங்களூரில் மழை அதிகம் பெய்வதும் செப்டம்பர், அக்டோபரில்தான். இடி மின்னல் வந்தால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள்.

ரயில், அறை, டிக்கெட்: இந்த வரிசையில்

முன்பதிவில் வரிசை மாறக்கூடாது. பூங்கா டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, ரயிலில் காத்திருப்புப் பட்டியல் நகராமல் தவிப்பவர்கள் நிறைய. ரயில் உறுதியான பிறகு அறை, அறை உறுதியான பிறகு பூங்கா.

ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. 2024 அக்டோபர் இறுதி வரை 120 நாட்களாக இருந்தது, அந்தப் பழைய நினைவில் இருந்துவிடாதீர்கள். தென்மாவட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்குத் தூத்துக்குடி–மைசூரு எக்ஸ்பிரஸ், சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குக் காவேரி எக்ஸ்பிரஸ். இரண்டும் இரவு ரயில்கள். முதலாவது காலையில் பெங்களூரை அடைகிறது, காவேரி விடிவதற்கு முன்பே அடைந்துவிடும்.

பிள்ளைகளின் ரயில் கட்டணத்தில் கவனம் வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். ஐந்து முதல் பதினொன்று வரை தனிப் படுக்கை வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். இரவு ரயிலில் ஆறு வயதுப் பையன் அம்மாவோடு படுத்துக்கொள்வான் என்றால் பாதி மிச்சம். ஆனால் உட்கார்ந்து போகும் சேர் கார் பெட்டிகளில் இந்தப் பாதிக் கட்டண வசதியே இல்லை. முதியவர்களுக்கான ரயில் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, பாட்டிக்கும் முழுக் கட்டணம் போடுங்கள்.

அறை விஷயத்தில் பலரும் தடுக்கி விழும் இடம் நேரம். தென்மாவட்ட ரயில் காலை ஏழு மணிவாக்கில் இறக்கிவிடும். பூங்கா 11 மணிக்குத்தான் திறக்கும். பல விடுதிகள் நண்பகல் 12 மணிக்கு மேல்தான் அறை தருவார்கள். இடையில் குளித்து, உடை மாற்றி, பைகளை வைப்பது எங்கே? பதிவு செய்வதற்கு முன் விடுதிக்குத் தொலைபேசியில் பேசி, "காலை ஏழரைக்கு வருகிறோம், 24 மணி நேரக் கணக்கில் அறை உண்டா?" என்று கேளுங்கள். ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள விடுதிகளில் இது வழக்கமான ஏற்பாடுதான். ஐந்து பேர் ஒரே அறையில் தங்கலாமா, கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு என்பதையும் அதே அழைப்பில் முடித்துவிடுங்கள்.

அறையே வேண்டாம், பூங்காவிலிருந்து நேரே இரவு ரயிலைப் பிடித்துவிடலாம் என்று தோன்றும். கணக்கில் இரண்டு மூவாயிரம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் பூங்கா மாலை ஆறு, ஏழு மணிக்கு மூடும். ஈரத்துணியோடு, தூங்கி விழும் பிள்ளைகளோடு மைசூரு சாலை நெரிசலில் நகருக்குள் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரயிலைத் தவறவிட்டால் மிச்சம் பிடித்ததைவிட அதிகம் போகும். ஓர் இரவு தங்குங்கள்.

பூங்கா டிக்கெட்டை நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ செயலியிலோ எடுங்கள். முன்கூட்டியே இணையத்தில் எடுப்பதற்கும், கல்லூரி மாணவர்களுக்கும் தள்ளுபடிகள் உண்டு. சில பருவங்களில் பிறந்தநாள் சலுகையும் வரும். வாட்ஸ்அப்பில் வரும் "பாதி விலை" இணைப்புகள் பக்கமே போகாதீர்கள். காட்டப்படும் விலை வரியோடு சேர்த்தா என்று பாருங்கள். தீம் பார்க் நுழைவுக்கு 2018 முதல் 18% ஜிஎஸ்டி. 1,300 என்று தெரிவது வரி சேர்ந்தால் 1,534 ஆகிவிடும்.

வரிசையில் முந்திப்போகும் ஃபாஸ்ட்ராக் டிக்கெட் என்று ஒன்று இருக்கிறது, விலை மிக அதிகம். வார நாளில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. நீங்கள் தேதியைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்தப் பணத்தை ஏற்கெனவே சேமித்துவிட்டீர்கள்.

உள்ளே போனபின் கரையும் பணம்

வெளியிலிருந்து உணவு கொண்டுபோக அனுமதி இல்லை. கைக்குழந்தைக்கான உணவும் மருந்தும் விதிவிலக்கு. ஆகவே காலைச் சாப்பாட்டைப் பத்து மணிக்கு, வயிறு நிறைய, வெளியே முடித்துக்கொள்ளுங்கள். கையில் புளியோதரை கட்டி வந்திருந்தால் அதற்கான வேளை அதுதான். இப்படிச் செய்தால் உள்ளே மதியம் ஒரு சாப்பாடு, மாலையில் ஏதாவது ஒரு பலகாரம் போதும். தண்ணீர்ப் பாட்டில் கொண்டுவரலாமா என்று முன்பே கேட்டு வையுங்கள். வெயில் நாளில் ஐந்து பேர் பாட்டில் பாட்டிலாக வாங்கினால் அதுவே ஒரு தொகை.

உடை அடுத்தது. நீர் விளையாட்டுகளில் பருத்தித் துணிக்கு அனுமதி இல்லை. சேலை, வேட்டி, ஜீன்ஸ் எதுவும் ஆகாது. நைலான் அல்லது லைக்ரா உடைதான். இதைத் தெரியாமல் போய் அங்கே உள்ள கடையில் ஐந்து பேருக்கும் வாங்குவது பெரிய செலவு. ஊரிலேயே கடைவீதியில் நைலான் டீ-ஷர்ட்டும் முக்கால் பேன்ட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் சேர்த்து வாங்குங்கள். "நான் இறங்கப் போவதில்லை" என்று சொல்லும் அம்மாக்கள் அலைக்குளத்தைப் பார்த்ததும் மனம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் உடை இல்லாமல் கரையில் நிற்க வைப்பது பாவம். துண்டு, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பை, மாற்றுடை. பொருட்களை வைக்க லாக்கர் வாடகைக்குக் கிடைக்கும், குடும்பத்துக்கு ஒன்று போதும்.

வீடியோ கேம் மாதிரியான சில விளையாட்டுகள் டிக்கெட்டில் சேராது. ரைடில் கத்திக்கொண்டு வரும்போது எடுத்த புகைப்படத்தை வெளிவாசலில் காட்டி விற்பார்கள். இவற்றுக்கு ஒரே வழி, காலையிலேயே ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு தொகையைக் கொடுத்துவிடுவது. இருநூறோ முந்நூறோ, உங்கள் வசதி. "இது உன்னுடையது, எதற்கு வேண்டுமானாலும் செலவு செய், தீர்ந்தால் அவ்வளவுதான்." எட்டு வயதுப் பிள்ளைகூட அதற்குப் பிறகு ஒவ்வொரு கடையிலும் நின்று யோசிக்கும்.

நகரிலிருந்து பிடதிக்கு

ஐந்து பேர் என்றால் நாள் வாடகைக் கார்தான் முதலில் நினைவுக்கு வரும். சிக்கனமான வழியும் இருக்கிறது. பெங்களூரு மெட்ரோவின் ஊதா வழித்தடம் 2023-லிருந்து மைசூரு சாலையில் உள்ள சல்லகட்டா வரை போகிறது. ரயில் நிலையத்துக்கு அருகிலேயே ஏறி, நெரிசல் முழுவதையும் தாண்டிச் சல்லகட்டாவிலோ கெங்கேரியிலோ இறங்கி, மீதித் தூரத்துக்கு பஸ்ஸோ வாடகைக் காரோ பிடிக்கலாம். காலையில் இது நன்றாக வேலை செய்யும். மாலையில் களைத்த பிள்ளைகளோடு பஸ்ஸுக்காக நிற்பதைவிட, திரும்பும் பயணத்துக்கு மட்டும் கார் வைத்துக்கொள்வது என் தேர்வு.

இப்போது கூட்டிப் பார்ப்போம்

மதுரையிலிருந்து அப்பா, அம்மா, 143 செ.மீ. உயரமுள்ள மகள், 112 செ.மீ. உயரமுள்ள மகன், பாட்டி. வார நாள், ஓர் இரவு தங்கல். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. முன்பதிவு செய்யும் நாளில் உள்ள விலையை இட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

பூங்கா டிக்கெட்: பெரியவர் கட்டணம் மூன்று × 1,500 = 4,500; மகனுக்கு 1,200; பாட்டிக்கு 1,150. ஆக 6,850
ரயில், தூங்கும் வசதி, ஐந்து படுக்கை, போக வர: 3,500
அறை, கூடுதல் மெத்தையோடு: 3,000
நகருக்குள்ளும் பிடதிக்கும்: 1,800
பூங்காவுக்குள் சாப்பாடு, பிள்ளைகளின் கைச்செலவு: 2,250
லாக்கர், உடை: 600
மற்ற வேளைச் சாப்பாடு, இரண்டு நாள்: 3,000
இரண்டாம் நாள் ஊர் சுற்ற: 500

மொத்தம் 21,500. இதில் டிக்கெட் 6,850 மட்டும்தான். இதன்மேல் பத்து சதவீதம், 2,150 ரூபாயைத் தனியாக வையுங்கள். மாத்திரை, திடீர் ஆட்டோ, கிழிந்த செருப்பு எல்லாம் இதிலிருந்து. ஆக 23,650. இதை 24,000 என்று எடுத்துக்கொண்டால் ஆறு மாதத்துக்கு மாதம் 4,000. பல வங்கிகளில் ஆறு மாதத் தொடர் வைப்பு இருக்கிறது, அதில் போட்டு வாருங்கள். தபால் நிலையத் தொடர் வைப்பு ஐந்து ஆண்டுத் திட்டம் என்பதால் இதற்கு ஒத்துவராது. கடன் அட்டையிலோ தவணையிலோ போகாதீர்கள். ஒரு நாள் மகிழ்ச்சிக்கு ஓர் ஆண்டு வட்டி கட்டும் குடும்பங்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

இரண்டாம் நாளுக்கு 500 போதுமா என்று கேட்பீர்கள். கப்பன் பூங்காவில் மர நிழலில் உட்கார எந்தக் கட்டணமும் இல்லை. பக்கத்திலேயே கஸ்தூர்பா சாலையில் விசுவேசுவரய்யா அறிவியல் அருங்காட்சியகம், நுழைவுக் கட்டணம் தீம் பார்க்கோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. முதல் நாள் ஆடிக் களைத்த பிள்ளைகளுக்கு இந்த வேகம்தான் சரி.

தொகை கைக்கு அடங்கவில்லை என்றால்

முதலில் வாடகைக் காரை விட்டுவிட்டு மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் மாறுங்கள். அடுத்து மகனின் தனிப் படுக்கை. அடுத்து, விடுமுறைக்காலத் தேதியில் இருந்தால் அதைச் சாதாரண வார நாளுக்கு மாற்றுங்கள். சாப்பாட்டிலும் அறையிலும் கை வைக்காதீர்கள். பசித்த பிள்ளையும் தூங்காத பாட்டியும் இருந்தால் எந்த ரைடும் இனிக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் தொகை பெரிதாகத் தெரிந்தால், ரயிலும் அறையும் தேவைப்படாத பூங்காவைத் தேர்ந்தெடுங்கள். மேலே உள்ள கணக்கில் அவை இரண்டு மட்டுமே 6,500. கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர், மதுரைக்காரர்களுக்குப் பரவையில் அதிசயம், சென்னைக்காரர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபியும் எம்ஜிஎம்மும், பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லாந்தும் இருக்கின்றன. காலையில் போய் இரவு வீட்டில் வந்து படுக்கலாம். பெங்களூரை மகன் 140 செ.மீ.யைத் தாண்டும் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவனுக்கும் பெரியவர் டிக்கெட் விலை வரும், ஆனால் எல்லா ரைடிலும் ஏறுவான்.